பாக்கலாம்

"முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் ரொட்டியக்கா.

"சொல்றேன்."

"சொல்றேன்னு சொல்லாதீங்க. முடியாதுன்னு சொல்லுங்க."

அவள் கணவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கைச் சட்டையின் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. வெளியே காற்று, கொடியில் கிடந்த துணிகளை அடித்துச் சுருட்டியது. அறைக்குள் ஈரச்சுவர் வாசனையும் வெந்த உருளைக்கிழங்கு வாசனையும் கலந்து கிடந்தன.

"சரி, நான்தான் நாளைக்குச் சோதனைக்கு வர்ற அந்தம்மான்னு வெச்சுக்குங்க." அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு தட்டுமூடியை மடியில் வைத்துக்கொண்டு அதில் விரலால் தட்டினாள். "ஐயா, உங்களால மாடிப்படி ஏற முடியுமா?"

"பாக்கலாம்."

"போச்சு."

"என்னடி போச்சு?"

"உதவி போச்சு, மாத்திரை போச்சு, பின்னாடியே உசுரும் போச்சு. பாக்கலாமாம். எதைப் பாக்கறது? யாரு பாக்கறது?"

வாசலில் நின்ற டிரைவர் சிரித்தார். கீழ்வீட்டுக்காரர். பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். சர்க்கரை நோயில் ஒரு காலின் விரல்கள் போய்விட்டன. இந்த வீட்டுக்கு அவர் மச்சான் முறை. அவர்களாக வைத்துக்கொண்ட முறைதான்.

"மச்சான், அந்த ஒரு வார்த்தை மட்டும் உன் பல்லுல இடிக்குதா?"

"நீங்க வேற அண்ணே. எங்கப்பா கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பவும் இவரு பாக்கலாம்னுதான் சொன்னாரு."

"அது வேற பாக்கலாம்" என்றார் கணவர்.

"எது வேற? அப்பவும் முடியாதுன்னுதான் சொல்லியிருக்கீங்க. எங்கப்பனுக்குப் புரியல. என்னைத் தலையில கட்டிட்டான்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்ததில் கணவருக்கு மூச்சு இரைத்தது. இரைப்பு அடங்கும்வரை மற்ற இருவரும் வேறு எதையோ பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரை மடிப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பெரிய லாண்டரியில் மடிப்பு மேசையில் நின்றவர். ஆவி உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடிக்க வேண்டும். ஒரு உதறு, ஒரு இழுப்பு, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பு. மார்பளவு உயரத்தில் கைகள் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். அடுத்த விரிப்பு. நாளெல்லாம் இதே நடை. வியர்வை காதுக்குள் இறங்கும். வெளுப்புத்தூள் நெடியில் கண் எரியும்.

அங்கே யாரும் முடியாது என்று சொல்வதில்லை. ஒருமுறை ஒரு பெண் சொன்னாள். காய்ச்சலோடு வந்திருந்தாள், ஈரத் துணி வண்டியைத் தள்ளச் சொன்ன சூப்பர்வைசரிடம் "முடியாதுங்க" என்றாள். முடியாதவங்களுக்கு இங்க என்ன வேலை என்று அந்த நிமிஷமே வெளியே அனுப்பினான். அதற்குப் பிறகு அந்த வார்த்தை அந்தக் கொட்டகையில் செத்துப்போனது. பாரம் தாங்காதவர்கள் பாக்கலாம் என்றார்கள். சூப்பர்வைசருக்கு அது சரி என்று கேட்கும். பக்கத்து மேசைக்காரனுக்கு உண்மையான அர்த்தம் கேட்கும். அவன் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து வண்டியின் மறுமுனையைப் பிடிப்பான். இப்படியே பல வருஷம். மடிப்பின் நாக்கு அந்த வளைவிலேயே காய்த்துப்போயிருந்தது.

பிறகு அவருடைய இதயம் ஊறிப்போன அட்டைபோல உப்பித் தளர்ந்தது. உடம்பில் தண்ணீர் தங்கியது. முதலில் காலில், அப்புறம் வயிற்றில், அப்புறம் நெஞ்சில். ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். "இதுதான் உங்க வீட்டு மோட்டார். இது நின்னா தண்ணி ஏறும்" என்றார் டாக்டர். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு எங்கே மோட்டார் சத்தம் நின்றாலும் ரொட்டியக்கா திரும்பி அவரைப் பார்த்தாள்.

உடல் நலிந்தவர்களுக்கான அரசு உதவி அவருக்குக் கிடைத்தது. அந்த உதவி இருந்தால்தான் மருந்து அட்டை. அட்டை இருந்தால்தான் மாத்திரை. ஒரே கயிற்றில் தொங்கிய மூன்று வாளிகள்.

புதிய அரசு அந்தக் கயிற்றில்தான் கைவைத்தது. சீர்திருத்தம் என்று பெயர். வானொலியில் அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்றே ரொட்டியக்கா நினைத்தாள். முதியோர் ஓய்வூதிய வயதைத் தள்ளிவைத்தார்கள். மடிப்புக்குச் சீக்கிரமே வந்திருக்க வேண்டியது எட்டாத தூரத்துக்குப் போனது. "நாம ஓடினா கோடும் ஓடுது" என்றார் டிரைவர். அடுத்து, உதவி வாங்கும் எல்லோரையும் மறுபடி சோதிப்போம், வேலை செய்ய முடிந்தவர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்றார்கள். அதில் ஒரு தப்பும் இருப்பதாக யாருக்கும் படவில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் அவளோடு பொட்டலம் கட்டும் பெண்களே, "ஏமாத்தறவங்க நிறைய இருக்காங்கக்கா, நல்லாப் பிடிக்கட்டும்" என்றார்கள். அவளும் தலையாட்டினாள்.

சோதனைக்காரர்கள் அவர்கள் தெருவுக்கு வர ஆரம்பித்ததும் கட்டடம் மாறிவிட்டது. பேச்சு குறைந்தது. முதுகெலும்பு நோவுக்காரர் ஒருவர் பால் பாக்கெட் வாங்கக்கூட இறங்குவதில்லை. யார் பார்த்துச் சொல்வார்களோ. மேல்தளத்துப் பெண் துணி காயப்போடுவதை நிறுத்தினாள். கையை உயர்த்துவதை எவரும் பார்த்துவிடக் கூடாது. படிக்கட்டில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் கதவுகளுக்குப் பின்னால் மூச்சுகள் நின்றன.

டிரைவருக்கு உதவி ஏற்கெனவே போய்விட்டது.

"கடைக்குப் போவீங்களான்னு கேட்டா அந்தச் சோதனைக்காரி. போகாம எனக்கு யாரு பால் வாங்கித் தருவான்னேன். நடமாட்டம் உண்டுன்னு போட்டுட்டா. வாய் இருக்கே, அதுதான் நமக்கு எமன். தங்கச்சி, கேட்டுக்க. நாளைக்கு மச்சானுக்கு முகம் மழிக்காதே. வெளுத்த சட்டை போடாதே. வந்தவளுக்கு டீ குடுக்காதே. டீ குடுத்தா நல்லாயிருக்காங்கன்னு அர்த்தமாம்."

"வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணிகூடக் குடுக்காம எப்படிண்ணே?"

"தண்ணி குடு. ஆனா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுக் குடு."

அன்று சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் தொழிற்சாலையிலிருந்து அவள் கொண்டுவந்த ரொட்டி முனைகளும். அவருக்கு உப்புச் சேர்க்கக் கூடாது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தினமும்போல் சொன்னார். "அப்ப குப்பைக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்று தினமும்போல் அவளும் சொன்னாள். சாப்பிடும்போதும் அவள் விடவில்லை. குளிக்க முடியுமா? முடியாது. குனிய முடியுமா? முடியாது. தலையைக் குனிந்துகொண்டு தட்டைப் பார்த்துச் சொன்னார். கெட்ட வார்த்தை பேசுகிறவரைப் போல் காது சிவந்திருந்தது.

மறுநாள் காலை அவள் மழிப்புக் கத்தியை ஒளித்துவைத்தாள். அவர் எழுந்து, அவளுடைய புருவக் கத்தியால் முகம் மழித்துக்கொண்டார். தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம்.

"பொம்பளை ஆபீசர் வர்றாங்க. பிச்சைக்காரன் மாதிரியா உக்காருவேன்?"

சோதனைக்கார அம்மாள் மழையோடு வந்தார். நடுத்தர வயது, நனைந்த செருப்பு. மூன்று மாடி ஏறிய களைப்பில் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. கெட்டவராகத் தெரியவில்லை. அதுவே ரொட்டியக்காவுக்குப் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிக்கொள்ளலாம்.

"நீங்க கொஞ்சம் உள்ள இருங்கம்மா. வீட்ல உள்ளவங்க பதில் சொல்லக் கூடாது. அது விதி."

உள்ளே என்று அந்த வீட்டில் இருந்தது சமையலறை மட்டும். கதவு கிடையாது. ஒரு திரை. அவள் திரைக்குப் பின்னால் நின்று அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நிக்காம மாடிப்படி ஏற முடியுமா?"

"முடியாது."

சொல்லிவிட்டார். ரொட்டியக்கா கண்ணை மூடினாள். ஆனால் சத்தம் சரியில்லை. பாடம் ஒப்பிப்பவர் குரல். அம்மாள் பதிலைத் தட்டிக்கொண்டிருந்த டேப்லெட் கணினியிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது திரையின் இடுக்கில் தெரிந்தது.

"தானாக் குளிப்பீங்களா?"

அவர் கண் திரைப் பக்கம் போனது. அவரைக் குளிப்பாட்டுவது அவள்தான். ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகு தேய்த்து, கால் துடைத்து. வேறொரு பெண்ணிடம் அதைச் சொல்வதற்கு அவரிடம் வாய் இல்லை.

"குளிப்பேன்."

"உடுத்தறது?"

"நானேதான்."

"நல்லது. நின்னு செய்யற வேலை வேண்டாம். உக்காந்து செய்யற மாதிரி, ஒரு மேசை, துணி மடிக்கற வேலை. நீங்க அந்தத் தொழில்லதானே இருந்தீங்க? அது மாதிரி குடுத்தா செய்ய முடியுமா?"

மழை தகர நிழற்கூரையில் அடித்தது. அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார்.

அம்மாள் தட்டினார். "முயற்சி பண்ணலாம்னு சொல்றீங்க."

ரொட்டியக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"அப்படி இல்லீங்கம்மா. இவரு பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம்."

"அம்மா, உங்களை உள்ள இருக்கச் சொன்னேன்."

"அவங்க லாண்டரியில அப்படித்தான் பேசுவாங்க. செத்துக்கிட்டு இருந்தாலும் பாக்கலாம்பாங்க."

"பாக்கலாம்னா பாக்கலாம்னுதானேம்மா அர்த்தம்?"

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒருத்தன் இருக்கான்."

"அவன் சைக்கிள் கேட்டா என்ன சொல்வீங்க?"

அம்மாள் கொஞ்சம் தயங்கினார். "பாக்கலாம்னு சொன்னேன்."

"வாங்கிக் குடுத்தீங்களா?"

அம்மாளின் முகத்தில் ஏதோ இளகியது. டேப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. முடியும், சிரமப்பட்டு முடியும், முடியாது. மூணுதான் இருக்கு. நீங்க சொல்ற பாக்கலாமுக்கு இதுல இடம் இல்ல. நான் என்ன பண்ணட்டும்?" பிறகு அவர் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. "ஐயா, இன்னொரு தரம் கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. முடியுமா, முடியாதா?"

இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்தப் பெண்ணே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். ரொட்டியக்கா கணவரைப் பார்த்தாள். சொல்லுங்க, சொல்லுங்க, சொல்லித் தொலைங்க.

அவர் பார்த்தது மனைவியை அல்ல. இரண்டு பெண்கள் நின்றுகொண்டு, ஒருத்தி அவரால் ஆகாது என்று அடித்துச் சொல்ல, இன்னொருத்தி இரக்கத்தோடு அதைக் கேட்கக் காத்திருப்பதை.

"துணி மடிக்க முடியாதுன்னு நான் சொல்லணுமா?" என்றார். "நானா?"

எழுந்தார். கட்டிலில் கிடந்த விரிப்பை உருவினார். இரண்டு ஆள் மடிக்கும் விரிப்பு. ஒரு முனையைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு கைகளை விரித்து உதறினார். துணி சாட்டைபோல் சொடுக்கியது. பாதி, அதில் பாதி, விளிம்போடு விளிம்பு, சுருக்கமே இல்லாமல். ரொட்டியக்கா அசையவில்லை. அது அவ்வளவு அழகாக இருந்தது. அவருடைய கையெழுத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. மடித்த விரிப்பைக் கட்டிலில் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை நீவினார்.

"போதுமா?"

"போதும் ஐயா" என்றார் அம்மாள். டேப்பைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கீழ்ப்படியில் செருப்புச் சத்தம் தேய்வதற்குள் அவர் கட்டிலில் சரிந்தார். உதடு நீலம் பாய்ந்தது. வாயைத் திறந்து காற்றைக் கடித்தார், வரவில்லை. தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிட்டு ரொட்டியக்கா படிக்கட்டுக்கு ஓடினாள். "அம்மா! வந்து பாருங்கம்மா! இப்பப் பாருங்கம்மா!" கத்தியது படிக்கட்டின் குழிக்குள் இறங்கிப் போனது. கீழே வாசல் கதவு சாத்திக்கொண்டது. வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. டிரைவருடையதைத் தவிர.

அதன் பிறகு மூன்று நாள் அவரால் கழிப்பறைக்குக்கூட எழுந்து போக முடியவில்லை. சோதனை நடந்தது அதற்கு முந்தைய பத்து நிமிஷத்தில்.

முடிவு வந்தது. உட்கார்ந்து செய்யும் இலகு வேலைக்குத் தகுதியானவர். மாதக் கடைசியோடு உதவியும் அட்டையும் நிற்கும். ஆட்சேபணை இருந்தால் நகர அலுவலகத்துக்கு நேரில் வரலாம்.

ரொட்டியக்கா தொழிற்சாலையில் அழவில்லை. கூடை கூடையாக ரொட்டி வந்துகொண்டே இருந்தது. கட்டினாள். பக்கத்தில் நின்ற பெண், "என்னக்கா, அண்ணனுக்கு நல்லா ஆயிடுச்சாமே?" என்றாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா என்று தெரியவில்லை. "ஆமா, நல்லா ஆயிட்டாராம்" என்றாள்.

வீடு திரும்பும்போது டிரைவர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். அட்டை போனதால் சர்க்கரை ஊசி மருந்தை அவரே நாள் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் மஞ்சளித்திருந்தது.

"நேர்ல போகப் போறீங்களா?"

"போகாம?"

"போனா மறுபடி நிமிர்ந்து உக்காந்துப்பான். உன் புருஷன் சேதி எனக்குத் தெரியும். மாத்திரை போட்டுக்கிட்டுப் போனா அவன் ராஜா மாதிரி இருப்பான். அவங்க ராஜாவைத்தான் பாப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாதே தங்கச்சி. போறதுக்கு முந்தின நாள்லேருந்து அதை நிறுத்திப் பாரு."

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும்."

"வாய அலம்புங்கண்ணே" என்றாள். மேலே ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அந்தப் பேச்சு அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. உண்மையைக் காட்டத்தானே என்று ஒரு படியில் தோன்றியது. கொலைகாரி என்று அடுத்த படியில் தோன்றியது. வீட்டுக் கதவுக்கு வருவதற்குள் அவள் முடிவு செய்திருந்தாள். முடிவு செய்யவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

நகர அலுவலகம் பழைய கிடங்கு ஒன்றில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், உயரத்தில் சுழலாத மின்விசிறிகள், சுவரில் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் எடைபோட்டார்கள். இவன் என்னைவிட நோயாளியா? ஊன்றுகோல் வைத்திருந்தவனைப் பார்த்து எல்லோருக்கும் பொறாமை.

மடிப்பு நாற்காலியின் நுனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு மேலோட்டமாக, கொதி வருவதற்கு முந்தைய தண்ணீர்போல் சத்தமிட்டது. செருப்பின் வார் பாதத்தில் பதிந்து சதை இருபக்கமும் பிதுங்கியிருந்தது. ரொட்டியக்கா அந்தப் பாதங்களைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"நேத்துலேருந்து எனக்கு ஒண்ணுக்கே சரியா வரல" என்றார்.

அவள் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

"அந்த மாத்திரை போட்டா உக்கார விடாது. பத்து தரம் எழுப்பும். நேத்து எழுப்பவே இல்ல."

"காத்து குளிருல அப்படி இருக்கும்."

"குளிருல இன்னும் அதிகமாத்தான் வரும்." அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. சுவரிலிருந்த குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "வட்டமா வெள்ளையா ஒண்ணு தந்தே. அது சத்து மாத்திரை. எனக்குத் தெரியாதா? விழுங்கிட்டேன்."

அவள் கை வாய்க்குப் போனது. "வாங்க, போயிடலாம்" என்றாள். "வீட்டுக்குப் போயிடலாம். பையிலதான் வெச்சிருக்கேன். இப்பவே போட்டுக்குங்க, தண்ணி கொண்டாறேன்."

"உக்காரு."

"வேண்டாங்க. என்னமோ கிறுக்குப் பிடிச்சு..."

"உக்காருடி. பாதிக் கிணறு தாண்டிட்டு என்ன பேச்சு?"

அவள் பையைத் திறந்தாள். உள்ளே மாத்திரைப் பட்டை விரலில் பட்டது. அதை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பைக்குள்ளேயே கை இருந்தது. எதிர் நாற்காலிப் பெண் தன்னைப் பார்ப்பதுபோல் தோன்றியது. எல்லோரும் பார்ப்பதுபோல் தோன்றியது. இப்போது கொடுத்தால் எல்லாம் வீண். கொடுக்காவிட்டால், தண்ணீர் இந்நேரம் எது வரைக்கும் ஏறியிருக்கும்? மடிப்பின் உதட்டோரத்தில் மெல்லிய நுரை இருந்தது. முந்தானையால் துடைக்கப் போனாள். அவர் முகத்தை விலக்கிக்கொண்டார்.

"துடைக்காதே. இருக்கட்டும்."

கூடத்தின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். அங்கே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞன் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இன்னும் தலை நிமிரவில்லை.

மடிப்பு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். ஒருமுறை உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழுந்தார். அவள் தன்னையறியாமல் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"கைய எடு" என்றார் மெதுவாக. "பிடிச்சுக்கிட்டு நடக்கறான்னு எழுத மாட்டான். நடக்கறான்னுதான் எழுதுவான்."

அவள் எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மற்றக் கையால் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள்.

அவர் நடந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, எதையும் பிடிக்காமல், தண்ணீருக்குள் நடப்பவர்போல ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து. மூச்சுச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவன் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

இப்பப் பாரு, என்று ரொட்டியக்கா அவனிடம் மனதுக்குள் கெஞ்சினாள். தலையைத் தூக்குப்பா, இப்பப் பாரு.

பாதி தூரத்தில் மடிப்பு நின்றார். ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்தார். விழுந்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள். விழாமல் போய்விடுவாரோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள்.